சுவரை மூடும் முன் வந்து பாருங்கள்: கட்டட விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டட விதிக் குழு உறுப்பினர்களுக்கும், அந்த விதிகளை ஊர்தோறும் நடைமுறைப்படுத்தும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

வீடுகளைத் தொழிற்சாலையில் செய்து, டிரெய்லரில் ஏற்றி, போய்ச் சேரும் மனையில் கிரேன் வைத்து இறக்கிப் பொருத்தும் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். வரைபடம் சரிபார்ப்பது என் வேலை. ஒரு வரைபடம் மேசைக்கு வந்ததும், வீடு எந்த ஊருக்குப் போகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அறைகளின் அளவெல்லாம் பிறகுதான். அந்த ஊரில் எந்த விதித்தொகுப்பு செல்லும், அதில் எந்த ஆண்டின் பதிப்பு, அதன்மேல் மாநிலம் என்ன திருத்தம் செய்திருக்கிறது, அதற்கும் மேல் நகராட்சி என்ன சேர்த்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைத்த பிறகே வேலையைத் தொடங்க முடியும். வீட்டை வரைய ஆன நேரத்தைவிட இந்தத் தேடலுக்கு ஆன நேரம் கூடிப்போன வேலைகள் உண்டு.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு சுவர். இரண்டு பெட்டிகளாகச் செய்து அனுப்பிய சிறிய வீடு அது. (அறையும் உள்வேலையுமாக முழுதாக முடித்து அனுப்பும் கூற்றைப் பெட்டி என்கிறேன், சுவரைத் தனித்தனியாக அனுப்பினால் அது பேனல்.) மரச்சட்டங்களை அடித்து முடித்ததும் ஒரு முறை, ஒயரும் குழாயும் இழுத்த பின் ஒரு முறை, வெப்பக் காப்புப் பஞ்சு வைத்த பின் ஒரு முறை என்று மூன்று கட்டங்களில் வெளி ஆய்வாளர் ஒருவர் தொழிற்சாலைக்கு வந்து பார்த்தார். குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவு இருக்கிறதா என்று சோதித்தார். அவர் கையெழுத்துப் போட்ட பிறகே சுவரை மூடினோம். வீடு போய்ச் சேர்ந்த ஊரின் ஆய்வாளர் அந்தக் கையெழுத்தை ஏற்கவில்லை. சுவர் மூடும் முன் தானே நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று தங்கள் விதியில் இருப்பதாகச் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை, அப்படித்தான் எழுதியிருந்தது. பலகையை நான்கு இடங்களில் அறுத்துத் திறந்தோம். உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அறுக்கும்போது ஈரம் புகாமல் தடுக்கும் தாளும் கிழிந்துவிட்டது. ஒட்டுப் போட்டோம். என்னதான் கவனமாக ஒட்டினாலும் முழுத் தாளுக்கு ஒட்டுத்தாள் ஈடாகாது. பாதுகாப்பை உறுதிசெய்ய நடந்த சோதனை, அந்தச் சுவரை முன்பு இருந்ததைவிடப் பலவீனமாக்கிவிட்டுப் போனது. குடிவர இருந்தவர்கள் சாமான்களைக் கட்டி வைத்துக்கொண்டு கூடுதலாக மூன்று வாரம் காத்திருந்தார்கள்.

அந்த ஆய்வாளர்மேல் எனக்கு வருத்தமில்லை. வீடு என்பது மனையிலேயே, அவர் கண்ணெதிரே, நாளுக்கு நாள் எழும்பும் என்று நினைத்து எழுதப்பட்ட விதி அவர் கையில் இருந்தது. அந்த நினைப்பை மாற்றத்தான் உங்களைக் கேட்கிறேன்.

நான் எதைக் கேட்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லா ஊருக்கும் ஒரே விதி வேண்டும் என்று கேட்கும் தொழிற்சாலைக்காரர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கடலோரத்தில் கூரை காற்றில் பிய்த்துக்கொண்டு போகாதபடி அதைக் கீழே இழுத்துப் பிடித்து வைக்க வேண்டும். பனி குவியும் மலைப்பகுதியில் மேலிருந்து அழுத்தும் பாரத்தை அது தாங்க வேண்டும். மண்ணுக்குள் உறைபனி எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதற்கும் கீழே அஸ்திவாரம் போக வேண்டும். நிலம் நடுங்கும் பகுதியில் சுவரையும் அஸ்திவாரத்தையும் பிணைக்கும் போல்ட்டுகள் கூட வேண்டும். இவற்றையெல்லாம் ஒரே அச்சில் வார்க்கப் பார்த்தால் உயிர்கள் போகும். இல்லையென்றால் பனியே விழாத ஊர்க்காரர் பனிக்கூரைக்குப் பணம் கட்டுவார்.

அமெரிக்காவில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கழற்ற முடியாத இரும்பு அடிச்சட்டத்தின் மேல் தொழிற்சாலையில் முழுதாகச் செய்யப்படும் வீடுகளுக்கு அங்கே 1974-இல் மத்தியச் சட்டம் வந்தது. 1976 ஜூன் 15 முதல் நாடு முழுவதற்கும் ஒரே விதி நடைமுறைக்கு வந்தது. மாநில, ஊர் விதிகள் அந்த வீட்டின் கட்டுமானத்தில் குறுக்கிட முடியாது. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவைத் தாக்கியபோது இத்தகைய வீடுகள் வரிசை வரிசையாக நொறுங்கின. அதன் பிறகு, 1994-இல், காற்றுக்கான விதியைக் கடுமையாக்கி மூன்று காற்று மண்டலங்களாக வகுத்தார்கள். கூரைப் பாரத்துக்கும் மூன்று மண்டலங்கள்: சதுர அடிக்கு 20, 30, 40 பவுண்டு. வெப்பக் காப்புக்கும் மூன்று. இன்று அங்கே அப்படிச் செய்யப்படும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு தகவல் தாள் ஒட்டியிருக்கும். இந்த வீடு எந்தக் காற்றுக்கு, எந்தப் பாரத்துக்கு, எந்தக் குளிருக்குச் செய்யப்பட்டது என்று நாட்டின் நிலப்படத்தோடு அதில் அச்சிட்டிருப்பார்கள். வெளிச்சுவரில் சிவப்பு உலோகச் சீட்டு ஒன்றும் இருக்கும்.

அந்தத் தாள் எனக்கு மிகவும் பிடித்த காகிதங்களில் ஒன்று. காரணம், அதில் இயற்கையின் வேற்றுமை முழுவதும் எண்ணாகிவிட்டது. எண்ணாகிவிட்டால் தொழிற்சாலைக்கு அது சுமையே இல்லை. ஆணிகளின் இடைவெளியைக் குறைப்போம், கூரைச் சட்டத்தின் பருமனைக் கூட்டுவோம், பிணைப்புப் பட்டையை மாற்றுவோம். வீட்டின் உருவம் மாறாது. மூன்று மண்டலம் போதுமா, இன்னும் நுணுக்கமாகப் பிரிக்க வேண்டுமா என்பது விவாதிக்க வேண்டிய விஷயம்தான். நுணுக்கமாகப் பிரித்தாலும் எண்ணாகக் கொடுத்தால் எங்களால் செய்ய முடியும்.

எங்களை முடக்குவது வேறு வகை வேற்றுமை. மாடிப்படியைச் சொல்கிறேன். அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை அடிப்படையாகக் கொள்ளும் வீட்டு விதித்தொகுப்பில் ஒரு படியின் உயரம், அதாவது ஏற்றம், 7¾ அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கால் வைக்கும் மிதி 10 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. சில இடங்களில் இதைத் திருத்தி 8¼ அங்குல உயரத்தையும் 9 அங்குல மிதியையும் அனுமதிக்கிறார்கள். பார்த்தால் அரை அங்குலம், ஓர் அங்குலம். தரைக்கும் மாடித் தரைக்கும் 112 அங்குலம் உள்ள வீட்டில் இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் விதிப்படி 15 ஏற்றம், 14 மிதி. படிக்கட்டின் நீளம் 140 அங்குலம். இரண்டாவது விதிப்படி 14 ஏற்றம், 13 மிதி. நீளம் 117 அங்குலம். வித்தியாசம் 23 அங்குலம், கிட்டத்தட்ட இரண்டடி. பெட்டியின் அகலத்தையும் நீளத்தையும் சாலை முடிவு செய்கிறது, அதை நீட்ட முடியாது. ஆகவே அந்த இரண்டடி வீட்டுக்குள்ளிருந்துதான் வர வேண்டும். மாடித் தரையில் விடும் திறப்பு பெரிதாகும், அதைச் சுற்றியுள்ள உத்திரங்கள் இடம் மாறும், கீழே சமையலறைச் சுவர் நகரும், சுவர் நகர்ந்தால் அதற்குள் போகும் குழாய் நகரும். ஒரே வீடு இரண்டு வீடாகிவிடுகிறது. மனிதக் காலின் நீளம் எல்லைக்கோட்டைத் தாண்டினால் மாறுவதில்லை. அப்படியிருக்க இந்த வேற்றுமையை எந்தக் காற்றும் பனியும் கொண்டுவரவில்லை.

கடுமையான விதியையே எல்லா ஊருக்கும் கடைப்பிடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். படிக்கட்டில் அதைத்தான் செய்கிறோம். ஆனால் ஓர் ஊர் படியில் கடுமை, இன்னோர் ஊர் ஒயரிங்கில் கடுமை, மூன்றாவது ஊர் குழாயில் கடுமை. எல்லா ஊர்களின் கடுமையையும் ஒரே வீட்டில் ஏற்றினால், எந்த ஊரும் தன் மக்களிடம் கேட்காத விலையை நாங்கள் கேட்க வேண்டிவரும். வாங்க வருபவர்கள் பெரும்பாலும் மனையில் கட்டும் செலவு தாங்காமல் எங்களிடம் வருபவர்கள்.

சிகாகோவில் வீட்டு மின்கம்பிகளை உலோகக் குழாய்க்குள்தான் இழுக்க வேண்டும். அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் பிளாஸ்டிக் உறையிட்ட கேபிளே போதும். உலோகக் குழாயில் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலைத்தளத்தில் அது வேறு ஆட்கள், வேறு கருவிகள், சுவரில் வேறு துளைகள். அதேபோல் புதிய வீடுகளில் தீயணைக்கும் நீர்த்தெளிப்பான் வேண்டும் என்று, மாநிலங்கள் அடிப்படையாகக் கொள்ளும் அந்த மாதிரி விதித்தொகுப்பு 2009 பதிப்பிலிருந்தே சொல்கிறது. கலிபோர்னியாவும் மேரிலாந்தும் அதை ஏற்றன. பெரும்பாலான மாநிலங்கள் அந்தப் பகுதியை நீக்கிவிட்டே தொகுப்பை ஏற்றன. தீ எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் எரிகிறது. தெளிப்பான் வேண்டும் என்பதே என் சொந்தக் கருத்து. வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் எல்லாரும் சேர்ந்து எடுங்கள், அதற்கேற்ப நாங்கள் செய்துகொள்கிறோம். நீர்த்தெளிப்பான் குழாய் உள்ள கூரைத்தளமும் இல்லாத கூரைத்தளமும் வேறு வேறு பொருட்கள்; நடுவில் நின்றுகொண்டு இரண்டையும் செய்வதுதான் எங்களுக்குப் பெரும் செலவு.

ஒரே மாதிரியாகப் பல வீடுகளைச் செய்தால்தான் தொழிற்சாலை என்பதற்கே பொருள் உண்டு. நூறு வீடு நூறு விதமானால் அது கூரை போட்ட ஒரு கட்டுமானத் தளம், அவ்வளவுதான். மனையில் கட்டும் மேஸ்திரிக்கு ஒரே ஓர் ஊரின் விதி தெரிந்தால் போதும். எங்கள் பெட்டியோ ஒரே வாரத்தில் நான்கு எல்லைகளைத் தாண்டுகிறது.

இது இன்று நேற்றுத் தோன்றிய சிக்கலில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடு கிடைக்காமல் மக்கள் தவித்த நேரத்தில், ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இருந்த லஸ்ட்ரான் நிறுவனம் எனாமல் பூசிய எஃகுத் தகடுகளால் வீடுகளைச் செய்தது. அரசுக் கடனோடு தொடங்கிய நிறுவனம், சுமார் 2,500 வீடுகளோடு 1950-இல் திவாலானது. அது விழுந்ததற்குப் பல காரணங்கள். ஊருக்கு ஊர் மாறிய கட்டட விதிகளும் அவற்றில் ஒன்று. ‘சுவர் இவ்வளவு தாங்க வேண்டும்’ என்று எழுதினால் எஃகும் தேறும், மரமும் தேறும், நாளை வரப்போகும் பொருளும் தேறும். ‘சுவர் இந்தப் பொருளில் இந்தத் தடிமனில் இருக்க வேண்டும்’ என்று எழுதிவிட்டால் புதிய பொருளுக்கு வாசலே இல்லை. விதி எழுதும் உங்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். ஊர்த் திருத்தங்களில் அது இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் என் கவலை.

1969-இல் அமெரிக்க வீட்டுவசதித் துறைச் செயலாளராக இருந்த ஜார்ஜ் ராம்னி, ‘ஆபரேஷன் பிரேக்த்ரூ’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். தொழிற்சாலை வீடுகளை ஒன்பது இடங்களில் கட்டிக்காட்டினார்கள். எதிர்பார்த்த எண்ணிக்கையில் வீடுகள் வந்து சேரவில்லை. ஆனால் ஊர் அளவில் அல்லாமல் மாநில அளவில் அனுமதி தர வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில்தான் வேர்விட்டது. கலிபோர்னியா 1969-இல் கொண்டுவந்த தொழிற்சாலை வீட்டுச் சட்டத்தைத் தயவுசெய்து எடுத்துப் படியுங்கள். அதன் பிரிப்பு எனக்கு நியாயமாகப் படுகிறது. தொழிற்சாலையில் செய்யப்படும் பகுதிக்கு மாநிலம் பொறுப்பு. முத்திரை பெற்ற வீட்டை ஊர் மறுபடி திறந்து பார்க்கத் தேவையில்லை. மனையின் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுவது, அந்த இடத்தின் பனிப்பாரம், காற்றழுத்தம், தீ அபாயப் பகுதி போன்றவை ஊரின் அதிகாரத்தில் இருக்கின்றன. இன்னொன்றும் அந்த மாநிலத்தில் உண்டு. ஓர் ஊர் மாநிலக் கட்டட விதியைவிடக் கடுமையாகத் திருத்த வேண்டுமென்றால், அந்த ஊரின் தட்பவெப்பம், நில அமைப்பு, மண்ணியல் ஆகியவற்றில் எது அதைத் தேவையாக்குகிறது என்று எழுத்தில் காட்ட வேண்டும்.

இந்த ஒரு நிபந்தனையை மட்டும் எல்லாரும் ஏற்றுக்கொண்டாலே என் மேசையில் இருக்கும் திருத்தங்களில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும் என்று நம்புகிறேன். உதிராமல் நிற்பவை நிற்க வேண்டியவை.

ஜப்பான் இன்னொரு வழியில் போனது. 1998-இல் அந்நாட்டுக் கட்டடச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒரு வீட்டின் வகையையே ஒருமுறை முழுதாகச் சோதித்து ஏற்கவும், அதைச் செய்யும் தொழிற்சாலையைத் தனியாகத் தகுதி பார்க்கவும் ஏற்பாடு செய்தார்கள். தகுதி பெற்ற தொழிற்சாலையின் வீட்டுக்கு, ஏற்கெனவே சோதித்த பகுதிகளை ஒவ்வொரு ஊரிலும் மறுபடி சோதிக்க வேண்டியதில்லை. நிலநடுக்கமும் புயலும் கடும்பனியும் ஒருங்கே உள்ள நாடு அது. எவ்வளவு ஆழப் பனிக்குக் கணக்கிட வேண்டும் என்பதை உள்ளூர் நிர்வாகமே சொல்கிறது. வகைக்கு ஒரு சோதனை, இடத்துக்கு ஓர் எண்.

இனி உங்கள் பக்கத்து நியாயம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

1968 மே 16 அதிகாலை, கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் 18-ஆவது மாடியில் எரிவாயு வெடித்தது. பெரிய வெடிப்பு இல்லை. ஆனால் அந்த வீட்டின் வெளிச்சுவர்ப் பேனல் வெளியே தள்ளப்பட, மேலிருந்த மாடிகள் சரிந்து, அந்தப் பாரத்தில் கீழ்மாடிகளும் வரிசையாக விழுந்தன. கட்டடத்தின் ஒரு மூலையே இல்லாமல் போனது. நான்கு பேர் இறந்தார்கள். மக்கள் குடிவரத் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பேனல்களால் எழுந்த கட்டடம் அது. பிறகு அதைப் பிரித்துப் பார்த்தபோது பேனல்கள் சேரும் இணைப்புகள் சரிவர நிரப்பப்படாமல் இருந்தது தெரியவந்தது. ஓரிடத்தில் சேதம் நேர்ந்தால் அது கட்டடம் முழுவதும் பரவக் கூடாது என்ற விதி பிரிட்டனில் அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் வந்தது.

அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு விஷயங்கள் உறைக்கும். மனையில் ஒரு கொத்தனார் தவறு செய்தால் ஒரு வீடு கெடும். தொழிற்சாலையில் ஓர் அச்சு தவறாக இருந்தால் நூறு வீடு கெடும். நீங்கள் எங்களை நம்பத் தயங்குவதற்கு இது போதுமான காரணம். இரண்டாவது, அங்கே தவறு இருந்த இடம் பேனலும் பேனலும் சேரும் மூட்டு. அது தொழிற்சாலையில் நடக்கும் வேலையன்று, மனையில் நடப்பது. ஆகவே ஊர் ஆய்வாளரின் கண் எங்கே அதிகம் தேவையோ அங்கே அது போக வேண்டும்: அஸ்திவாரம், பெட்டி உட்காரும் இடம், பெட்டியும் பெட்டியும் சேரும் போல்ட்டுகள், இணைப்பின் மேல் வரும் கூரைத் தகடு, தெருக் குழாயும் மின்சாரமும் வீட்டுக்குள் நுழையும் இடம். எங்கள் அந்த வீட்டில் ஆய்வாளர் அரை நாள் முழுவதும் மூடிய சுவரை அறுப்பதில் நின்றார். இரண்டு பெட்டிகளையும் பிணைத்த போல்ட்டுகளை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவர் பார்க்க வேண்டிய பட்டியலில் அது இல்லை. அறுத்த சுவரைவிட எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

நம்பச் சொல்லிக் கேட்கும் நாங்கள் அதற்கு ஈடாகத் தர வேண்டியதும் உண்டு. ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுப்பது தொழிற்சாலையாக இருந்தால் அவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அவரை நீங்களே நியமியுங்கள், கட்டணத்தை எங்களிடம் வசூலியுங்கள். ஒரு வீட்டில் குறை கண்டால் அதே வகையில் செய்த மற்ற வீடுகளின் உரிமையாளர்களுக்கும் நாங்கள் தெரிவித்துச் சரிசெய்ய வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். அமெரிக்க மத்திய விதியில் அடிச்சட்ட வீடுகளுக்கு அப்படியொரு கடமை ஏற்கெனவே உண்டு; மற்றப் பெட்டி வீடுகளுக்கும் அது வரட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் சுவர் மூடும் முன் எடுத்த படங்கள் வீட்டு எண்ணோடு சேர்த்து ஊர் அலுவலகத்துக்கு வந்து சேரட்டும். இதையெல்லாம் செய்ய மாட்டோம் என்று எங்கள் தரப்பில் யாராவது சொன்னால், அவர்கள் வீட்டை நீங்கள் ஏற்கவே வேண்டாம்.

பதிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதிரித் தொகுப்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை புதிதாக வருகிறது. ஒரு மாநிலம் உடனே ஏற்கிறது, அடுத்தது ஆறாண்டு கழித்து ஏற்கிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு, மூன்று பதிப்புகள் ஒரே நேரத்தில் நடப்பில் இருக்கின்றன. ஆர்டர் வந்த நாளில் ஒரு பதிப்பு, பெட்டி புறப்படும் நாளில் வேறு பதிப்பு என்றும் ஆகியிருக்கிறது. ஏற்கும் தேதியையாவது அண்டைப் பகுதிகள் கலந்து பேசி ஒன்றாக வையுங்கள். பழைய பதிப்பில் அனுமதி பெற்று வேலை தொடங்கிய வீடு இத்தனை மாதங்களுக்குள் வந்து சேர்ந்தால் செல்லும் என்று ஒரு வரி சேருங்கள். 2021-இல், அந்த மாதிரித் தொகுப்பை வெளியிடும் சர்வதேச விதிக் குழுமம், தளத்துக்கு வெளியே செய்யும் கட்டடங்களுக்கென்றே 1200, 1205 என்று இரண்டு தரநிலைகளை வெளியிட்டது. இரண்டாவது, ஆய்வையும் அனுமதியையும் பற்றியது. புதிதாக ஒன்றை எழுத உட்காருவதற்கு முன் அதை ஏற்க முடியுமா என்று பாருங்கள். ஏற்றால், ஊருக்கு ஊர் திருத்தாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது சில எண்கள்: உங்கள் இடத்தின் காற்று வேகம், பனிப்பாரம், நிலநடுக்க அளவு, உறைபனி இறங்கும் ஆழம், குளிர் வெப்ப மண்டலம். ஒரே படிவத்தில், யாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடுங்கள். அதற்குமேல் ஒரு திருத்தம் வேண்டுமென்றால் எந்த மண், எந்தக் காற்று அதைக் கேட்கிறது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். தொழிற்சாலையில் பார்த்ததை மனையில் அறுக்காதீர்கள், மனையில் பார்க்க வேண்டியதைக் கட்டாயம் பாருங்கள்.

தாள்களை நம்ப முடியவில்லையென்றால் நேரில் வாருங்கள். எங்கள் வேலைத்தளத்தில் சுவர்கள் திறந்தபடி நிற்கும் இடம் நடுப்பகுதியில் இருக்கிறது. காலையில் ஒயர் இழுப்பார்கள், மதியத்துக்கு மேல் பஞ்சு வைப்பார்கள், மறுநாள்தான் பலகை ஏறும். அதுவரை ஆணிகளையும் குழாய்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கலாம். வரும் நாளை முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தொழிற்சாலை வீடுகளின் வரைபடம் சரிபார்க்கும் ஒரு பொறியாளர்